கழலாத ஸ்குறூ

இராசரத்தினத்தோடு கடைக்குப் போவதென்றால் எனக்கு விசர் பிடிக்கும். ஒரு வாளி வாங்கினாலும் கவிழ்த்துப் பார்த்து, தட்டிப் பார்த்து, கைப்பிடியை இழுத்துப் பார்த்துத்தான் வாங்குவான். அன்று ஸ்காபரோவில் ஒரு ஹாட்வெயர் கடையில், விரலளவு பசைக் குழாய்கள் மூன்றுக்கு முன்னால் நின்றான், நின்றான், நின்றுகொண்டேயிருந்தான். எனக்குக் கால் உளைந்தது.

மூன்றும் ஒரே வேலைக்கான பசைதான். ஸ்குறூவின் புரியில் ஒரு துளி விட்டு இறுக்கினால், எவ்வளவு அதிர்ந்தாலும் அது தானாகக் கழலாது. ஊதா, மெல்லிய ஸ்குறூக்களுக்கு. நீலம் நன்றாகப் பிடிக்கும், ஆனால் தேவையென்றால் கையால் திருகிக் கழற்றலாம். சிவப்பு பிடித்தால் பிடித்ததுதான். சூடு காட்டினால் ஒழிய விடாது. துவக்கில் குறிபார்க்கிற ஸ்கோப்பைத் தாங்குகிற மவுண்டுக்கு நீலம் போதும் என்று துவக்குக் கடைக்காரன் சொன்னான். எங்களோடு மான் வேட்டைக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் சொன்னார்கள். நானும் சொன்னேன். உண்மையில் எங்கள் எல்லோருக்கும் அவன்தான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் முந்தி கார்ப் பாகங்கள் செய்கிற ஒரு பக்டரியில் ஒன்றாக வேலை செய்தவர்கள். பக்டரி மூடும்வரை அவன் இந்தப் பசையோடுதான் சீவித்தவன்.

"சிவப்பை எடுப்பம்" என்றான் கடைசியில்.

"உனக்கென்ன பைத்தியமே? உந்தக் குண்டுமணி ஸ்குறூவுக்குச் சிவப்பைப் போட்டால் பிறகு எப்பிடிக் கழட்டுவாய்? சூடு காட்டினால் ஸ்கோப்பும் போச்சு."

"ஏன் கழட்டவேணும்?"

"நீலத்துக்கு என்ன வந்தது?"

"நீலம் பிடிக்கேல்லை எட்வேட். ரெண்டு தரம் போட்டுப் பாத்திட்டன். மவுண்ட் அசையுது. அசையிறபடியால்தான் குண்டு அங்கையும் இங்கையும் போகுது."

கோடையில் அவன் புது ஸ்கோப் வாங்கினான். பழையது மங்கிப்போய்விட்டது என்றான். புதியதைப் பூட்டிக்கொண்டு சுட்டுப் பழகுகிற றேஞ்சுக்குப் போய்ச் சுட்டால் குண்டுகள் குறிக் கடதாசி முழுக்கக் கோழி கிளறியது போலச் சிதறின. ஸ்குறூ தளர்ந்துவிட்டது என்றான். கழற்றி, துடைத்து, நீலம் போட்டு இறுக்கினான். மறுபடியும் அதே கோலம். மறுபடியும் நீலம். இப்போது சிவப்பு. வேட்டை நவம்பரில். அதற்குள் துவக்குச் சரிவர வேண்டும் என்று கொஞ்ச நாளாக அவனுக்கு வேறு பேச்சில்லை.

குழாயை எடுத்து முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனான். பிறகு தலையைச் சரித்து, கோழி பார்க்கிற மாதிரி ஒரு பக்கத்தால் பார்த்தான். பிறகு என்னிடம் நீட்டினான்.

"எவ்வளவு நேரம் காயவிடவேணும் எண்டு பார். என்ரை கண்ணாடி காருக்கை."

கண்ணாடி அவனுடைய சேட்டுப் பொக்கற்றுக்குள் இருந்தது. பொக்கற்றுக்கு வெளியே ஒரு கால் நீட்டிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன், அவனைப் பார்த்தேன். "ஒரு நாள்" என்று வாசித்துச் சொன்னேன்.

 இராசரத்தினம் இப்போது ஸ்கூல் பஸ் ஓட்டுகிறான். காலையும் பின்னேரமும் விட்பியின் புது வீட்டுத் தெருக்களில் ஒவ்வொரு மூலையாக நின்று நின்று சின்னப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவன். லைசென்சுக்கான மெடிக்கல் இரண்டு வருஷத்துக்கு முந்தி எடுத்தது. அடுத்தது வருகிற வருஷம்தான். அதுவரை அவன் கண்ணைப் பற்றிக் கேட்க ஒருவருக்கும் அலுவலில்லை.

ஸ்குறூவாக இருக்கட்டும் என்று நானும் நினைத்தேன். யார்தான் நினைக்கமாட்டார்கள்?

பசையை வாங்கிக்கொண்டு நேரே அவன் வீட்டுக் கராஜுக்குப் போனோம். துவக்கை இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்து, வெறுமையா என்று இரண்டு பேரும் பார்த்து, மேசையில் வைத்தான். வேலை என்று வந்தால் அவனை அடிக்க ஆளில்லை. பழைய பசையைச் சுரண்டினான். அற்ககோல் தொட்டு ஒவ்வொரு புரியையும் துடைத்தான். எண்ணெய் ஒட்டியிருந்தால் பசை பிடியாது. ஒரே ஒரு துளி. கூடினால் வழிந்து துவக்குக்குள் போய் அதையும் இறுக்கிவிடும். எல்லாம் விரலால்தான். பார்க்கவேண்டிய இடங்களிலும் விரலைத்தான் கொண்டுபோனான். ஸ்குறூவின் தலையை நகத்தால் தேடிப் பிடித்துத்தான் ஸ்குறூத் திருகியை வைத்தான்.

சந்திரவதனா தேத்தண்ணியும் றோல்சும் கொண்டுவந்தாள். அவன் மனைவி. என்னை அண்ணை என்றுதான் கூப்பிடுவாள். துவக்கு என்றாலே முகத்தைச் சுளிக்கிற மனுசி. எத்தனையோ வருஷமாக நாங்கள் கொண்டுவந்த மான் இறைச்சியை மிளகு போட்டுப் பிரட்டித் தருவாள், ஆனால் ஒரு நாளும் கராஜுக்குள் காலடி வைத்ததில்லை. அன்று வந்தவள் போகவில்லை. தட்டை வைத்துவிட்டு மேசையடியில் நின்றாள்.

"இந்தமுறை சரிவருமோ எட்வேட் அண்ணை?"

"உவன் சிவப்பைப் போடுறான். இனி உந்த ஸ்கோப் உவன்ரை பேரப்பிள்ளையின்ரை கலியாணத்துக்கும் உதிலைதான் நிக்கும்."

அவள் சிரிக்கவில்லை. "அப்ப ஸ்குறூவாலைதான் பிழைச்சது என்ன?"

"ஸ்குறூவாலைதான்" என்றான் அவன், தலை நிமிராமல்.

அவள் இன்னும் கொஞ்சம் நின்றாள். என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் றோல்சைக் கடித்தேன். வாய்க்குள் எதையாவது போட்டால் பதில் சொல்லத் தேவையில்லை.

அவள் போன பிறகு அவன் கடைசி ஸ்குறூவை இறுக்கினான், அளவுக்கு இறுகியதும் கையிலிருந்த திருகி 'டிக்' என்றது. துணியால் துடைத்தான். "முடிஞ்சுது" என்றான். நான் காத்திருந்தேன். அவன் கை கழுவப் புறப்பட்டான்.

"கோடு?" என்றேன்.

பக்டரியில் எங்கள் பழக்கம் அது. ஒரு ஸ்குறூவை இறுக்கி முடித்தால் அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்புவரை மஞ்சள் பெயின்ற் பேனையால் ஒரு கோடு இழுப்போம். ஸ்குறூ ஒரு மயிரிழை அசைந்தாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். பக்டரி மூடி இவ்வளவு காலமாகியும் இராசரத்தினத்தின் கை அதை விடவில்லை. அவன் வீட்டுக் குசினி அலுமாரிக் கதவில் மஞ்சள் கோடு. பார்பிகியூ அடுப்பில் மஞ்சள் கோடு. தம்பி மகனுக்கு வாங்கிக் கொடுத்த சைக்கிளில் மஞ்சள் கோடு. சந்திரவதனா அதைச் சொல்லிச் சொல்லி ஏசுவாள். மவுண்டில் மட்டும் கோடில்லை. முதல் தரம் நீலம் போட்டபோதும் இல்லை, இரண்டாம் தரமும் இல்லை. எனக்கு அது அப்போதுதான் உறைத்தது.

"பேனை காஞ்சுபோச்சு" என்றான்.

பேனை மேசையில்தான் கிடந்தது. அவன் கை கழுவப் போனதும் மூடியைத் திறந்து என் உள்ளங்கையில் இழுத்துப் பார்த்தேன். பளிச்சென்று மஞ்சள். எனக்குக் கோபம் வந்தது. அவன் பொய் சொன்னதற்கல்ல. கோடு போட்டால் உண்மை தெரிந்துவிடும் என்று அவனுக்கு முன்னமே தெரிந்திருக்கிறதே, அதற்கு. அவன் திரும்பி வருமுன் ஸ்குறூ ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கோடு இழுத்துவிட்டு, பேனையை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

அவன் வந்து துவக்கை எடுத்தான். மவுண்ட் அவனுடைய மூக்குக்கு முன்னால். புதுப் பெயின்ற், மணம்கூடப் போகவில்லை. இப்போது என்னை ஏசப்போகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். துணியால் துவக்கின் குழலை ஒரு தரம் துடைத்து, உறைக்குள் வைத்து, பெட்டியைப் பூட்டினான்.

"அடுத்த சனி போவம்" என்றான்.

அந்தக் கிழமை முழுக்க எனக்குச் சோறு செமிக்கவில்லை. காலையில் வேலைக்குப் போகிற வழியில் மஞ்சள் ஸ்கூல் பஸ் ஒன்றைக் கண்டால் ஓட்டுகிறவனின் முகத்தைத் தேடினேன். றோசலினிடம் சொல்லலாமா என்று பார்த்தேன். என் மனுசியிடம் சொன்னால் பொழுது படுமுன் பிக்கரிங்கிலிருந்து யூனியன்வில்வரை எல்லாருக்கும் தெரிந்துவிடும். பஸ் கொம்பனிக்கு நானே போன் அடித்துச் சொல்லலாமா என்றும் நினைத்தேன். போனைக் கையில் எடுத்து வைத்துவிட்டேன். ஸ்குறூவாகவும் இருக்கலாம்தானே. கோடு முறிந்திருந்தால் எல்லாம் என் வீண் சந்தேகம். முறிந்திருக்க வேண்டுமே என்று, ஒரு மவுண்ட் ஸ்குறூவுக்காக ஜெபமாலை சொன்ன கத்தோலிக்கன் உலகத்திலேயே நானாகத்தான் இருப்பேன்.

சனிக்கிழமை அவன்தான் கார் ஓட்டினான். நான் ஓட்டுகிறேன் என்றதற்கு விடவில்லை. வானம் சாம்பல் நிறம், சோளம் வெட்டின வயல்கள் வெறுமையாகக் கிடந்தன. தெரிந்த பாதை, பத்துப் பதினைந்து வருஷமாகப் போய்வருகிற பாதை, அதனால் நன்றாகத்தான் ஓட்டினான். ஒரு சந்தியில் மட்டும், நேர் முன்னால் ஒரு மனுசி நாயோடு நின்றாள். அவள் தெருவில் கால் வைத்துவிட்டாள். அவன் அக்சிலேற்றரிலிருந்து காலை எடுக்கவில்லை.

"டேய்!" என்று கத்தினேன்.

பிறேக்கை மிதித்தான். அந்த மனுசி எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தி ஏதோ சொன்னாள், நல்ல வார்த்தையாக இருக்காது. "கண்டனான், கண்டனான், ஏன் கத்துறாய்?" என்றான். 

றேஞ்சில் எங்களோடு வேறு இரண்டு பேர்தான். குளிருக்கு மூக்கு ஒழுகியது. நூறு யார்ட் தூரத்தில் கடதாசியைக் குத்திவிட்டு வந்து, அவன் மணல் மூட்டையில் துவக்கைச் சாய்த்து உட்கார்ந்தான். ஆற அமர மூச்சை விட்டு, ஒவ்வொன்றாக ஐந்து தரம் சுட்டான். தோளும் கையும் கல்லுப்போல. அந்த மனிதனுடைய கையில் ஒரு பிழையும் இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

தூரக்கண்ணாடியால் நான் பார்த்தேன். ஒன்று இடது மூலையில். ஒன்று அடியில். ஒன்று நடுவுக்குப் பக்கத்தில், அது தற்செயல். மற்ற இரண்டையும் தேடித் தேடிப் பார்த்தேன், கடதாசியிலேயே இல்லை.

"எப்பிடி?" என்றான்.

"சிதறித்தான் கிடக்கு."

அவன் மெல்லச் சிரித்தான். சத்தியமாகச் சொல்கிறேன், அவனுக்கு ஆறுதல். "நான் சொன்னனான்தானே. சிவப்பும் சரியில்லை. மவுண்டே பிழை. திருப்பிக் குடுத்திட்டு இரும்பு மவுண்டாய் ஒண்டு வாங்கவேணும். அதுக்கு வேறை பசை..."

எனக்குள் ஏதோ அறுந்தது. "கோட்டைப் பார்" என்றேன்.

"எந்தக் கோடு?"

"ஸ்குறூவிலை. மஞ்சள் கோடு. போன சனி நான் போட்டனான். உன்ரை மூக்குக்கு நேரை இருக்கு. எல்லாம் நேராய்த்தான் நிக்குது, ஒண்டும் முறியேல்லை. பார்!"

அவன் குனிந்தான். தலையை அந்தப் பக்கம் சரித்தான், இந்தப் பக்கம் சரித்தான். பிறகு விரலை வைத்துத் தடவினான். பெயின்றின் மெல்லிய தடிப்பு நகத்தில் பட்டிருக்கும். விரலை எடுக்கவில்லை.

"ஸ்குறூ நிண்டாலும் ஸ்கோப் பிழையாய் இருக்கலாம்" என்றான், மிகவும் சின்னக் குரலில். "உள்ளுக்குக் கண்ணாடி அசைஞ்சிருக்கும். நீ சுட்டுப் பார்."

நான் அவனுடைய இடத்தில் உட்கார்ந்தேன். துவக்குக் கட்டையில் அவன் கன்னத்துச் சூடு இன்னும் இருந்தது. ஸ்கோப்புக்குள்ளால் கடதாசி அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. அவன் போட்ட அந்தக் காசுக்கு நல்ல கண்ணாடிதான்.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. வேண்டுமென்றே பிழையாகச் சுடலாம். கொஞ்சம் இடப்பக்கம் ஒன்று, கொஞ்சம் மேலே ஒன்று. மிச்சத்தை அவனே சொல்லிக்கொள்வான். ஸ்கோப்பைத் திருப்பிக் கொடுப்பான், இன்னொன்று வாங்குவான், இன்னொரு பசை வாங்குவான், நவம்பர் போய்விடும், தையில் மெடிக்கல் வரும்வரை அவனுக்கு வேலை இருக்கும், வீட்டுக் கடன் போகும், சந்திரவதனா இரவில் நித்திரை கொள்வாள். இராசரத்தினத்துக்கு நான் எத்தனையோ தரம் பொய் சொல்லியிருக்கிறேன். இது ஒன்றுதான் அவன் என்னிடம் கேட்டு வாங்க நினைத்த பொய். வாய் திறந்து கேட்கவில்லை, அவ்வளவுதான்.

சந்தியில் நின்ற அந்த மனுசி நினைவுக்கு வந்தாள். அவள் வளர்ந்த மனுசி, கத்தினால் ஒதுங்குவாள்.

நான் மூச்சை விட்டுச் சுட்டேன். மூன்று தரம்.

எல்லோரும் சுடுவதை நிறுத்திய நேரத்தில் நடந்துபோய்க் கடதாசியைக் கழற்றிக்கொண்டு வந்தேன். மூன்று ஓட்டைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. என் சீவியத்தில் நான் அவ்வளவு திறமாகச் சுட்டதில்லை. கடதாசியை அவன் கையில் கொடுத்தேன். அவன் அதைப் பார்க்கவில்லை. விரலால் தேடி, மூன்றையும் கண்டுபிடித்து, சின்ன விரலை அதற்குள் விட்டுப் பார்த்தான்.

"மூண்டும் ஒரு இடத்திலை என்ன?"

"ஓம்."

பக்கத்திலிருந்த மரவாங்கில் உட்கார்ந்தான். நானும் உட்கார்ந்தேன். கடதாசியை மடித்துக்கொண்டே சொன்னான்.

"மாசியிலையிருந்து. நடுவிலை ஒரு கறை மாதிரி. முதல் கண்ணாடி ஊத்தை எண்டு துடைச்சுத் துடைச்சுப் பாத்தன். கரையெல்லாம் தெரியும். நேரை பாக்கிறதுதான் தெரியாது. வலது மோசம். இப்ப இடதும் தொடங்கியிட்டுது."

"டொக்டரிட்டைப் போனியே?"

"போனால் லைசென்ஸ்காரருக்கு எழுதி அனுப்பிப்போடுவான். பிறகு ஆர் என்னை ஓட விடுறது?"

"பிள்ளையளைக் காணுறியோ?" என்று கேட்டேன். 

"ஜக்கெற்றை வைச்சுக் கண்டுபிடிக்கிறன். சிவப்பு ஜக்கெற் எண்டால் அட்சயா. பச்சைத் தொப்பி எண்டால் அந்தச் சீனப் பெடியன். ஏறேக்கை எல்லாரும் 'குட் மோர்னிங்' சொல்லுவினம். குரலிலை கணக்கு வைப்பன்." கொஞ்சம் நிறுத்தினான். "போன கிழமை ஒரு பிள்ளை பேசாமல் இறங்கிப் போயிட்டுது. நான் கதவைப் பூட்டிக்கொண்டு இழுக்க, பின்னாலை இருந்த பெரிய பிள்ளையள் கத்தினவை. பஸ்ஸுக்கு முன்னாலை குனிஞ்சு சப்பாத்துக் கட்டிக்கொண்டு நிண்டிருக்கு."

எனக்கு அவனை ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது. கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. துவக்கை வெறுமையாக்கி உறைக்குள் வைத்துப் பூட்டினேன்.

"திங்கள் ஓடப்படாது இராசு" என்றேன்.

"ஓம்."

"நீ சொல்லாட்டி நான் சொல்லுவன்."

"தெரியும். அதுக்குத்தானே உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தனான்" என்றான். பிறகு, "நீ கோடு போடுவாய் எண்டு நினைக்கேல்லை" என்றான். கார்த் திறப்பை எடுத்து என்னிடம் நீட்டினான்.

வழியெல்லாம் அவன் ஜன்னல் பக்கமாகத் தலையைத் திருப்பி, கரைக் கண்ணால் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தான். தோட்டம், வீடு, மரம் என்று ஒன்றும் விடாமல் பார்த்தான். நான் ரேடியோவைப் போட்டேன், அவன் நிற்பாட்டினான்.

வீட்டுக்கு வந்தபோது சந்திரவதனா முன்கதவில் நின்றாள். காரை நான் ஓட்டிக்கொண்டு வருவதைக் கண்டதும் கையிலிருந்த துவாயை மார்போடு அணைத்துக்கொண்டாள். அவன் இறங்கி நடந்துபோனான்.

"என்னப்பா? கழண்டு போச்சோ?" என்று கேட்டாள். அவள் குரலில் இருந்த ஆசையை என் எதிரியும் கேட்கக்கூடாது.

"இல்லை. ஒண்டும் அசையேல்லை" என்றான். "நல்லாய் இறுகித்தான் கிடக்கு."

அவளைத் தாண்டி உள்ளே போனான். அவன் போனை எடுத்து, பஸ் கொம்பனியில் சனிக்கிழமையும் போன் எடுக்கிற ஆளிடம் இங்கிலீசில், திங்களிலிருந்து தன்னுடைய றூட்டுக்கு வேறு ஆளைப் போடச் சொல்வது எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது. கண் என்றான். இல்லை, ஒரு நாள் இரண்டு நாள் இல்லை என்றான். குரல் நடுங்கவில்லை.

சந்திரவதனா படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் துவக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, உள்ளே போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றேன்.

"நீங்களும் சுட்டனீங்களோ அண்ணை?"

"ஓம்."

"பட்டதோ?"

"பட்டது."

"எல்லாமுமோ?"

நான் தலையாட்டினேன்.

"உங்களுக்கு ஒண்டாவது பிழைச்சிருக்கக் கூடாதோ?" என்றாள்.

"பிள்ளையள் ஏறுற பஸ், சந்திரா."

"தெரியும்" என்றாள். துவாயால் முகத்தை மூடிக்கொண்டாள். "போன கிழமை அந்தப் பிள்ளையின்ரை கதையையும் எனக்குச் சொன்னவர். எல்லாம் தெரிஞ்சுகொண்டுதான் கேக்கிறன்."